அழைப்பு மணியில் அப்பா பெயர்

ஸ்டுட்கார்ட்டில் நாங்கள் குடியேறியது 2022 பிப்ரவரியில். வீட்டுக்கு இணைய இணைப்புக் கொடுக்க வரும் டெக்னீசியனுக்காக ஒரு நாள் காலை எட்டு மணியிலிருந்து காத்திருந்தேன். எட்டிலிருந்து ஒன்றுக்குள் எப்போது வேண்டுமானாலும் வருவாராம். பாத்ரூமுக்குப் போனால்கூடக் கதவைச் சாத்தாமல், மணிச் சத்தத்துக்கு ஒரு காதைக் கொடுத்தபடிதான். பன்னிரண்டே காலுக்குப் போனில் குறுஞ்செய்தி வந்தது. 'உங்களை வீட்டில் சந்திக்க முடியவில்லை. புதிய தேதிக்குப் பதிவு செய்துகொள்ளவும்.'

மணி அடிக்கவே இல்லை. ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தேன். ஒரு வெள்ளை வேன் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. அதில் இருந்தது அவர்தானா என்று இன்றுவரை தெரியாது.

அடுத்த தேதி பதினெட்டு நாள் கழித்து.

"ஏனுங்க, நம்ம கேபிள்கார அண்ணன் இருந்திருந்தா இந்நேரம் மூணு வீட்டுக்கு லைன் இழுத்துட்டு டீ குடிச்சிட்டுப் போயிருப்பாருங்க" என்றாள் மனைவி. கோயம்புத்தூரில் அப்படித்தான். போன் போட்டால், தோளில் வயர் சுருளும் கையில் டிரில்லுமாக பைக்கில் ஒருவர் வருவார். கம்பத்திலிருந்து மாடிக்கு, மாடியிலிருந்து ஜன்னலுக்கு, சுவரில் ஒரு ஓட்டை. வேலை முடிந்தது. ஆதார் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார், அதையும் ஒரு வாரம் கழித்துத்தான் கேட்பார். சுவரில் அவர் போட்ட ஓட்டை வழியாக மழைக்காலத்தில் எறும்பு வரும் என்பது வேறு விஷயம்.

டெக்னீசியன் ஏன் திரும்பிப் போனார் என்பதை மூன்றாம் மாடிப் பாட்டிதான் கண்டுபிடித்தார். ஜெர்மனியில் பெரும்பாலான அடுக்குமாடிகளில் வீட்டுக்கு எண் கிடையாது. கட்டடத்துக்குத்தான் எண். உள்ளே எட்டுக் குடித்தனம் இருந்தால், வாசலில் எட்டு மணிப் பொத்தான்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குடும்பப் பெயர். தபால்பெட்டியிலும் அதே. தபால்காரர், பார்சல்காரர், கேஸ் மீட்டர் பார்ப்பவர் எல்லோருக்கும் அந்தப் பெயர்தான் கதவு எண். 2018-இல் பக்கத்து நாட்டு வியன்னாவில், தனியுரிமைச் சட்டத்துக்குப் பயந்து நகராட்சிக் குடியிருப்புகளில் மணிப்பெயர்களை எடுக்கத் தொடங்கியபோது இங்கேயும் பெரிய விவாதம் நடந்ததாம். பெயரை எடுத்துவிட்டால் இந்த ஊரில் ஒரு கடுதாசிகூட வீடு சேராது.

நான் பெயர் ஒட்டாமல் இல்லை. குடிவந்த அன்றே வெள்ளைக் காகிதத்தில் அழகாக எழுதி ஒட்டியிருந்தேன். என் பெயரை. ஆனால் ஒப்பந்தம் இருந்தது பாஸ்போர்ட்டின் குடும்பப் பெயரில், அதாவது என் அப்பாவின் பெயரில். தமிழர்களுக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து அந்தக் கட்டத்தை நிரப்புகிறோம். நிரப்பிய கணத்திலிருந்து ஐரோப்பா முழுக்க நாம் நம் அப்பாவாகிவிடுகிறோம். அலுவலகத்தில் என்னை 'ஹெர்' (திரு) போட்டு அப்பா பெயரில் கூப்பிடுவார்கள், முதல் ஒரு மாதம் நான் திரும்பியே பார்க்கவில்லை. வந்த டெக்னீசியன் எட்டுப் பொத்தான்களிலும் அப்பாவைத் தேடியிருக்கிறார். அப்பா இல்லை. போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டு அப்பா பெயரை எழுதி ஒட்டினேன். சிங்காநல்லூரில் லேத் பட்டறை வைத்திருந்து, பழனிக்கு அப்பால் அதிகம் போகாமலே போய்ச் சேர்ந்தவர் அவர். போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மா உடனே கூப்பிட்டார். "ஏங் கண்ணு, வீடு அவரு பேர்லயா புடிச்சிருக்கிற?" என்றவர், நான் பதில் சொல்வதற்குள், "பேர்ல எழுத்து ஒண்ணு உட்டுப்போச்சு பாரு" என்றார். உண்மைதான். ஆங்கிலத்தில் ஒரு ஏ குறைந்திருந்தது. மறுபடி எழுதினேன்.

*

எந்த இணைப்பைத் தேர்ந்தெடுப்பது என்று முதல் இரண்டு வாரம் நான் செய்த ஆராய்ச்சி அத்தனையும் தண்டம். வெரிவாக்ஸ், செக்24 போன்ற ஒப்பீட்டுத் தளங்களில் முப்பது நாற்பது திட்டங்கள் வரிசைகட்டி நிற்கும். அவற்றில் நமக்குக் கிடைப்பது எது என்பதைச் சுவர் தீர்மானிக்கிறது. சுவரில் எந்த வகைச் சாக்கெட் இருக்கிறது, கட்டடத்தின் நிலவறைக்கு எந்தக் கம்பி வந்திருக்கிறது, தெருவோரச் சாம்பல்நிறப் பெட்டி எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது. இந்த மூன்றும் நாம் பிறப்பதற்கு முன்பே முடிவான சங்கதிகள்.

எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு இருந்தன. வாசல் நடையில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், மூன்று துளைகள் கொண்ட தொலைபேசிச் சாக்கெட். டிஏஇ என்பார்கள். துளைகளுக்கு மேல் என், எஃப், என் என்று ஆங்கில எழுத்துகள். எஃப் என்றால் தொலைபேசி, என் என்றால் தொலைபேசி அல்லாதது. ரவுட்டர் தொலைபேசி அல்லாததுதானே என்று நான் என்-இல் செருகப் பார்த்தேன், போகவில்லை. நடுவில் உள்ள எஃப்-இல்தான் டிஎஸ்எல், அதாவது தொலைபேசிக் கம்பி வழியாக வரும் இணையத்துக்கான ரவுட்டரைச் செருக வேண்டும். இரண்டாவது, வரவேற்பறையில் டிவிக்கான கேபிள் சாக்கெட். கண்ணாடியிழை (ஃபைபர்) இல்லை. இயந்திரங்களுக்குப் பேர்போன ஊரில், மெர்சிடிஸும் போர்ஷேவும் பிறந்த ஊரில், 2022-இல் எங்கள் தெருவில் கண்ணாடியிழை இல்லை.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1981-இல் ஹெல்முட் ஷ்மிட்டின் அரசு, மேற்கு ஜெர்மனி முழுக்கக் கண்ணாடியிழை வலை அமைக்கத் திட்டம் போட்டது. அடுத்த ஆண்டே ஆட்சி மாறியது. ஹெல்முட் கோல் வந்தார். அவருடைய தபால் துறை அமைச்சர் கிறிஸ்டியான் ஷ்வார்ட்ஸ்-ஷில்லிங், தனியார் தொலைக்காட்சிகளுக்கு வழி செய்யும் செப்புக் கேபிளை நாடெங்கும் புதைக்கக் காசைத் திருப்பிவிட்டார். அதனால்தான் எங்கள் வரவேற்பறையில் அந்த டிவி சாக்கெட். நாற்பது ஆண்டுக்கு முந்தைய ஒரு அமைச்சரவை முடிவு என் சோபாவுக்குப் பின்னால் சுவரில் பதிந்து கிடக்கிறது. 2013-இல் அதிபர் மெர்க்கல் ஒபாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இணையம் நம் எல்லோருக்கும் புதிய நிலம் என்று சொல்லப்போய் நாடே சிரித்தது. எனக்கென்னவோ அவர் உண்மையைத்தான் சொன்னார் என்று படுகிறது.

ஆக, டிஎஸ்எல்லா கேபிளா. கேபிளில் விநாடிக்கு 1000 மெகாபிட் வரை என்றார்கள். தொலைபேசிக் கம்பியில் எங்கள் முகவரிக்கு 100 வரை. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. யாராக இருந்தாலும் ஆயிரத்தைத்தான் எடுப்பார்கள். ஆனால் கேபிள் என்பது தெருவுக்கே பொதுவான குழாய். சிறுவாணித் தண்ணீர் விடும் நேரத்தில் தெருவே குழாயைத் திறந்தால் நம் வீட்டில் சொட்டு விழுவதைப்போல, சாயங்காலம் எல்லோரும் படம் பார்க்க உட்காரும்போது வேகம் படுத்துவிடலாம். அடுத்த கட்டடத்து மாணவன் ஒருவன் இரவு ஒன்பது மணிக்கு எடுத்த வேகச் சோதனைகளைக் காட்டினான். அறுபது, நாற்பது, பதினெட்டு. டிஎஸ்எல்லில் சாம்பல் பெட்டியிலிருந்து வீடு வரை கம்பி நமக்கே நமக்கு. தூரம் கூடக்கூட வேகம் குறையும், ஆனால் காலையிலும் இரவிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி கிடைக்கும்.

நான் நூறை எடுத்தேன். நண்பர்கள் சிரித்தார்கள். இன்றும் என் முடிவு சரி என்றே நினைக்கிறேன். அம்மா வீடியோவில் வருவது இங்கே சாயங்காலம் ஐந்தரைக்கு, குளிர்காலத்தில் அங்கே இரவு பத்து. அந்த நேரத்தில் அவர் முகம் கட்டம் கட்டமாக உறைந்து நின்றால் ஆயிரத்தை வைத்து என்ன செய்ய?

'வரை' என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விளம்பரத்தில் 100 வரை என்றுதான் இருக்கும். ஆனால் ஒப்பந்தத்துக்கு முன் ஒரு தகவல் தாள் தர வேண்டும் என்பது இங்கே விதி. அதில் அதிகபட்சம், வழக்கமாகக் கிடைப்பது, குறைந்தபட்சம் என்று மூன்று எண்கள் இருக்கும். பார்க்க வேண்டியது கடைசி இரண்டு. அவை கிடைக்கவில்லை என்றால், கூட்டாட்சி வலையமைப்பு ஆணையத்தின் மென்பொருளில் மூன்று வெவ்வேறு நாள்களில் மொத்தம் 30 முறை அளந்து காட்டினால், கட்டணத்தைக் குறைக்கச் சொல்லலாம், விலகவும் செய்யலாம். வைஃபையில் அளந்தால் செல்லாது, கேபிள் செருகித்தான் அளக்க வேண்டும்.

விலையிலும் இதே கண்கட்டு. முதல் ஆறு மாதம் 19.99 யூரோ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஏழாவது மாதத்திலிருந்து 39.99. ஒப்பந்தம் 24 மாதம். இணைப்புக் கட்டணம் 69.95. எல்லாவற்றையும் கூட்டி இருபத்துநான்கால் வகுத்தால் மாதம் 37.90 வருகிறது. இதில் ரவுட்டர் வாடகை 5.99 தனி. அதை நான் யோசிக்காமல் ஒப்புக்கொண்டேன். 24 மாதத்துக்கு 143.76 யூரோ, கடைசியில் பெட்டியையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். நிறுவனம் தரும் ரவுட்டரைத்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் 2016 ஆகஸ்டு 1-ஆம் தேதியோடு ஒழிந்துவிட்டது என்பது எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. பழைய ஃபிரிட்ஸ்பாக்ஸ் ரவுட்டர் ஒன்றை யாரிடமாவது செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தால் பாதிக் காசுக்கு முடிந்திருக்கும்.

இவ்வளவும் முடிவு செய்து விண்ணப்பித்தால், முதலில் கேட்ட நிறுவனம் (பெயர் வேண்டாம்) இரண்டே வரியில் மறுத்துவிட்டது. காரணம் சொல்லவில்லை. ஷூஃபாவாக இருக்கும் என்றார் போப்லிங்கனில் இருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி. 1927-இல் பெர்லினில் தொடங்கிய கடன் தகவல் நிறுவனம் அது. யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார், யார் பாக்கி வைக்கிறார் என்ற கணக்கெல்லாம் அங்கே இருக்கும். "உனக்கு அங்க கெட்ட பேரும் இல்ல, நல்ல பேரும் இல்ல. பேரே இல்லல்லா. அதான் பயப்படுதான்" என்றார் அண்ணாச்சி. விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் முகவரிப் பதிவு, அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள், பிறகு வங்கிக் கணக்கு, மாதாமாதம் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள அனுமதி என்று ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசையில் ஒன்றைத் தாண்டி இன்னொன்றுக்குப் போக முடியாது. இரண்டாவதாகக் கேட்ட நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

விண்ணப்பத்தில் விசித்திரமான ஒரு கட்டம்: உங்களுக்கு முன் குடியிருந்தவரின் பெயர். எதற்கு என்று புரியாமல் காலியாக விட்டேன். விட்டிருக்கக் கூடாது. எண் இல்லாத வீட்டில், நிலவறையிலிருந்து கிளம்பும் பல ஜோடிக் கம்பிகளில் எங்கள் வீட்டுக்கு வருவது எது என்று கண்டுபிடிக்க, முன்னவர் பெயரும் 'இரண்டாம் மாடி இடது' என்ற குறிப்பும்தான் துப்பு. வீட்டைக் காலி செய்பவரிடம் சாவி வாங்கும்போதே அவருடைய இணைய நிறுவனம் எது, பழைய தொலைபேசி எண் என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது. பாட்டிக்குத்தான் முன்னவர் பெயர் ஞாபகம் இருந்தது. அவர் நாய் வளர்த்தார், மாடிப்படி கழுவும் முறை வந்தால் ஊருக்குப் போய்விடுவார் என்பதும் ஞாபகம் இருந்தது.

*

பதினெட்டு நாளை ஓட்டியது பெரிய கதை. ப்ரீபெய்டு சிம்மின் டேட்டா ஒரே வாரத்தில் தீர்ந்தது. மைலேண்டர் பிளாட்ஸில் 2011-இல் திறந்த நகர நூலகம் இருக்கிறது. கொரியாவில் பிறந்த கட்டடக் கலைஞர் இயுன் யங் யி வடிவமைத்த வெள்ளைக் கனசதுரம், ஒரு பக்கச் சுவரில் கொரிய எழுத்தில் நூலகம் என்று எழுதியிருக்கும். உள்ளே இலவச வைஃபை. படிக்கட்டுகளுக்கு நடுவில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கோவை டீமோடு காலைக் கூட்டம். பேசினால் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதால் நான் வாயே திறக்கவில்லை. அந்த மாத மதிப்பீட்டில் என் மேலாளர், நான் நன்றாகக் கேட்டுக்கொள்பவன் என்று எழுதினார்.

இரண்டாம் முறை மணி அடித்தது. ஓடிப்போய்த் திறந்தேன். வந்தவர் துருக்கியில் வேரூன்றிய ஸ்டுட்கார்ட்காரர், நல்ல மனிதர். சாக்கெட்டில் கருவியை வைத்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "கெல்லர்" என்றார். நிலவறை. கீழே போனோம். கம்பிகள் வந்து சேரும் பெட்டி இருந்த அறை பூட்டிக் கிடந்தது. சாவி கட்டடப் பராமரிப்பாளரிடம். பராமரிப்பாளர் ஸ்பெயினின் மயோர்கா தீவில் விடுமுறையில்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. டெக்னீசியன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது மூன்றாம் மாடிப் பாட்டி, கையில் துடைப்பத்தோடு படியிறங்கி வந்தார். அந்த வாரம் படி கழுவும் முறை அவருடையது. இந்தப் பகுதி மக்களான ஷ்வேபியர்களுக்கு அது கிட்டத்தட்ட மதம். விஷயத்தைக் கேட்டார், ஏப்ரன் பையிலிருந்து ஒரு சாவிக் கொத்தை எடுத்தார், நாலாவது சாவியில் பூட்டு திறந்தது. எப்படி அவரிடம் சாவி வந்தது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பெட்டிக்குள் ஜோடி ஜோடியாகக் கம்பிகள், சிலவற்றில் பென்சிலால் எழுதிய பெயர்கள். இறந்துபோனவர்களின் பெயர்கள்கூட இருக்கும் என்றார் டெக்னீசியன். முன்னவர் பெயரைச் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் கம்பியைப் பிடித்துவிட்டார். மேலே வந்து ரவுட்டரைச் செருகியதும் பச்சை விளக்கு முதலில் சிமிட்டியது, பிறகு நிலைத்து நின்றது. பாட்டிக்கு அன்று மாலை ரவா கேசரி போனது. மறுநாள் கிண்ணம் கழுவித் திரும்பி வந்தது, உள்ளே ஒரு ஆப்பிள் கேக் துண்டு.

மிச்சம் இருந்தது ரவுட்டரின் இடம். போன் வைக்கும் மேசை வாசல் நடையில் இருந்த காலத்தில் போட்ட சாக்கெட், ஆகவே ரவுட்டரும் செருப்பு அலமாரிக்கு மேலேதான். படுக்கையறைக்கு நடுவே இரண்டு தடித்த சுவர்கள். கதவிடுக்கு வழியாகப் போகும் தட்டையான லேன் கேபிள் பதினைந்து மீட்டர் வாங்கிச் சுவரோரமாக ஒட்டினேன். வைஃபை ரிப்பீட்டர் என்று கடையில் தள்ளப் பார்த்தார்கள். கம்பி இழுக்க வழியிருந்தால் கம்பிதான்.

*

இணைப்பு வந்த பிறகு நம் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. அண்ணாச்சி வீட்டில் ஒரு மாதம் தங்கிய பையன், ஊர்ப் பழக்கத்தில் புதுப்படம் ஒன்றை டொரண்டில் இறக்கினான். சில வாரத்தில் வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து தடித்த உறை. இன்ன தேதி, இன்ன நிமிடம், இன்ன ஐபி முகவரி, இன்ன படம். ஆயிரம் யூரோவுக்குச் சற்றுக் குறைவாகக் கட்ட வேண்டும், இனி செய்ய மாட்டேன் என்று கையெழுத்திட வேண்டும். இப்படி வரும் எச்சரிக்கைக் கடிதத்தை ஆப்மானுங் என்பார்கள். டொரண்டில் இறக்கும்போதே நம் கணினி மற்றவர்களுக்கு ஏற்றிக்கொண்டும் இருக்கிறது, பிடிப்பது அந்த ஏற்றத்தை வைத்துத்தான். ஐபி யாருடையது என்பதை நீதிமன்ற ஆணை பெற்று இணைய நிறுவனத்திடம் கேட்டுவிடுவார்கள். கடிதம் பையனுக்கு வராது, ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் வரும்.

அண்ணாச்சி அதை மோசடி என்று நினைத்துக் குப்பையில் போடப் போனார். போடக் கூடாது. பயந்துபோய் உள்ளே இருந்த தாளில் அப்படியே கையெழுத்தும் போடக் கூடாது. கெடு தேதிக்குள் நுகர்வோர் மையத்திடமோ பதிப்புரிமை தெரிந்த வழக்கறிஞரிடமோ போக வேண்டும். அவர் போனார். தொகை குறைந்தது, ஆனால் பூஜ்யமாகவில்லை. பையன் இப்போது மியூனிக்கில் இருக்கிறான், சந்தா கட்டிப் படம் பார்க்கிறான்.

அடுத்த ஆண்டு ஒரு முறை இணைப்பு முழுசாகச் செத்தது. புகார் கொடுத்ததிலிருந்து எண்ணினால் ஆறு நாள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டதோடு சரி. 2021 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள தொலைத்தொடர்புச் சட்டப்படி, நம் தவறில்லாமல் முழுசாக இணைப்புப் போய், இரண்டு நாளில் சரிசெய்யாவிட்டால், மூன்றாம் நான்காம் நாளுக்குத் தலா 5 யூரோ அல்லது மாதக் கட்டணத்தில் 10 சதவீதம், ஐந்தாம் நாளிலிருந்து 10 யூரோ அல்லது 20 சதவீதம், எது அதிகமோ அது. டெக்னீசியன் சொன்ன தேதிக்கு வராவிட்டாலும் 10 யூரோ அல்லது 20 சதவீதம். கேட்டால்தான் கிடைக்கும். சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு நாலு வரியில் கடிதம் எழுதினேன். அடுத்த பில்லில் 30 யூரோ கழிந்திருந்தது. ஜெர்மனியில் நான் எழுதிய முதல் வெற்றிகரமான கடிதம் அது. பெருமையாக மனைவியிடம் காட்டினேன். "அந்த ஆறு நாளும் மொபைல் டேட்டாவுக்குப் போட்டது எவ்வளவுங்க?" என்றாள்.

2024 கோடையில் எஸ்லிங்கனுக்கு வீடு மாறினோம். புதுக் கட்டடம், நிலவறை வரை கண்ணாடியிழை. அதற்குள் 24 மாதமும் முடிந்திருந்ததால், ஒரு மாத அறிவிப்பில் விலக முடிந்தது. முன்பெல்லாம் தேதியைத் தவறவிட்டால் இன்னொரு வருடத்துக்கு ஒப்பந்தம் தானாக நீண்டுவிடுமாம். பதிவுத் தபாலும் தேவைப்படவில்லை. இணையத்தில் ஒப்பந்தம் விற்பவர்கள், விலகுவதற்கும் தளத்திலேயே ஒரு பொத்தான் வைக்க வேண்டும் என்பது 2022 ஜூலை முதல் சட்டம். அந்தப் பொத்தான் பக்கத்தின் அடியில், எறும்பு சைஸ் எழுத்தில் இருந்தது.

சாவி கொடுத்த அன்று, அடுத்துக் குடிவரும் பிரேசில்காரத் தம்பதிக்கு நிறுவனத்தின் பெயர், பழைய எண், 'இரண்டாம் மாடி இடது', நிலவறைச் சாவிக்கு மூன்றாம் மாடி என்று ஒரு தாளில் எழுதி டிஏஇ சாக்கெட்டின் மேல் ஒட்டினேன். மணிப் பொத்தானிலிருந்து பெயரைக் கிழிக்கும்போது பசை பாதியில் நின்றுவிட்டது.

ரவுட்டரைப் பெட்டியில் வைத்து, மின்கம்பியும் அடாப்டரும் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்து, தபால் நிலையத்தில் கொடுத்தேன். ரசீதைப் பத்திரப்படுத்தச் சொன்னார் அண்ணாச்சி. பெட்டி வரவில்லை என்று ஆறு மாதம் கழித்து பில் அனுப்புவார்களாம். அலமாரியில் பச்சைக் கோப்பில், வாடகை ஒப்பந்தத்துக்குப் பின்னால் அந்த ரசீது இருக்கிறது. அனுப்புநர் என்ற இடத்தில் அப்பா பெயர், ஒரு ஏ குறைவாக.